நாலு சக்கரமும் இழுக்கிறதா?
வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில், பழைய ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கிக் குடும்பத்தோடு மண்பாதையில் இறங்க நினைப்பவர்களின் கேள்விகள்.

எங்களுக்கு 5, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். தோப்புக்குப் போகும் மண்பாதை, வருஷத்துக்கு நாலைந்து மலைப்பயணம், இதுதான் தேவை. பழைய மாடல் மஹிந்திரா தார், மாருதி ஜிப்ஸி இரண்டுமே கைக்கு அடக்கமான விலையில் வருகின்றன. எதை எடுக்கலாம்?
– வாசகி, பொள்ளாச்சி

உங்கள் வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். இழுவையில் இரண்டும் சோடை போகாதவை. சிக்கல் பின் இருக்கையில்தான். 2010இல் வந்த முதல் தலைமுறைத் தாரிலும் பெரும்பாலான ஜிப்ஸிகளிலும் பின்னால் இருப்பது எதிரெதிரே பார்க்கும் பக்கவாட்டு பெஞ்ச். அதில் குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்த முடியாது. பக்கவாட்டில் உட்கார்ந்த குழந்தையை இடுப்பு பெல்ட் மட்டும் காப்பாற்றாது. இரண்டிலும் காற்றுப்பையும் கிடையாது. மண்பாதையில் பத்து கிலோமீட்டர் போக, அதற்கு முன்னும் பின்னும் நூறு கிலோமீட்டர் தார்ச்சாலையில்தான் ஓடப்போகிறீர்கள். விபத்து அங்கேதான் காத்திருக்கும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்வது மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றமும்கூட.

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த தாரில், பின் இருக்கை முன்நோக்கியிருக்கும் வகையைத் தேடுங்கள். குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது அந்த வகைக்குத்தான். பின்னால் ஏற, முன் இருக்கையை மடக்கித்தான் நுழைய வேண்டும். 9 வயதுப் பிள்ளை குதித்து ஏறிவிடும், பாட்டி ஏறமாட்டார். 2023இல் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியில் அந்தத் தொல்லை இல்லை, ஆறு காற்றுப்பையும் உண்டு. ஆனால் நாலு பேர் உட்கார்ந்த பிறகு பின்னால் இரண்டு பைக்குத்தான் இடம். இரண்டுக்குமே பணம் எட்டாவிட்டால் ஸ்கார்பியோ ஃபோர் பை ஃபோர் பாருங்கள். நடு வரிசையில் பிள்ளைகள், கடைசிப் பெஞ்சில் சாமான் மட்டும் என்று கறாராக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2023 ஜனவரி முதல் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியே பார்த்தால் அதே முகம், அதே மிடுக்கு. உள்ளே கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது குட்டி லீவர் இல்லையென்றால் அது ஃபோர் வீல் கிடையாது. ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோவிலும் இரண்டு வகையும் உண்டு. விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், குனிந்து முன் ஆக்சிலுக்கு, அதாவது முன்சக்கர அச்சுக்கு, சக்தி கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் என்ற தண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது ஃபோர் வீல் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? புரோக்கர் லீவரைப் போட்டுக் காட்டி, ‘லைட் எரியுது பாருங்க சார்’ என்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

லைட் எரிந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

முதலில் வண்டியைப் புழுதி மண்ணுக்கோ தளர்ந்த சரளைக்கோ கொண்டுபோங்கள். தார்ச்சாலையில் இந்தச் சோதனை கூடாது. 2எச்-இல், அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள், லேசாகச் சுற்றும். நிறுத்தி, 4எச் (நாலு சக்கர இழுவை) போட்டு அதே வட்டம். இப்போது வண்டி இறுகும், முன்பக்கம் விட்டுவிட்டுத் தள்ளுவது போலத் தெரியும். முன் பின் ஆக்சில்கள் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுவதால் வளைவில் வரும் இறுக்கம் அது. இரண்டு வட்டமும் ஒரே மாதிரி இருந்தால் முன்சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை. அடுத்து, வண்டியை முழுக்க நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, 4எல் (நாலு சக்கர இழுவை, குறைந்த வேகம்) போடுங்கள். முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை விட்டால் மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போக வேண்டும். ஊரும்போது லீவர் தானாக வெளியே எகிறினால் முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேசுக்குள் தேய்மானம். சின்னச் செலவில் முடியாது.

இதையும் தாண்டி ஓர் உறுதியான சோதனை இருக்கிறது. ஒரு ஜாக்கி போதும். 4எச் போட்டுச் சில மீட்டர் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். முன்சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் கை கால் எதுவும் போகக் கூடாது. கொஞ்சம் ஆட்டம் இருக்கும், முழுச்சுற்று வரக் கூடாது. வந்தால் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் நடுப்பகுதி) பூட்டவில்லை, அல்லது ஆக்சில் ஷாஃப்ட்டோ உள்ளே பல்லோ போயிருக்கிறது. இறக்கிவிட்டு மறுபக்கமும் இதே மாதிரி பாருங்கள். இரண்டு சக்கரமும் பிடித்து நின்றால் ட்ரான்ஸ்ஃபர் கேசிலிருந்து ஹப் வரை சக்தி போகும் வழி எங்கும் அறுபடவில்லை. முதல் தலைமுறை 3.0 ஃபார்ச்சூனர் எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வகை, அதில் முன் பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கையால் திருப்பும் ஹப் உள்ள பழைய வண்டியில் இரண்டு பக்கமும் திருப்பியாயிற்றா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் சோதனையும் பொய்க்கும், காட்டிலும் கைவிடும். காற்றை உறிஞ்சிப் பூட்டும் வேக்குவம் ஹப் என்றால் ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிவதுதான் வழக்கமான வியாதி. குழாய் மலிவு. அதைக் கவனிக்காமல் பாதி பூட்டிய நிலையில் ஓட்டித் தேய்த்த ஹப் மலிவு அல்ல.

ஜிப்ஸி என்றால் கூடுதலாக ஒன்று. முன்சக்கரத்துக்குப் பின்னால் பந்து போல இருக்கும் நக்கிளைத் தடவிப் பாருங்கள். எண்ணெய் வழிந்து புழுதியோடு களியாக அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘டக் டக்’ என்றால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கோ வீல் பேரிங்கோ தளர்ந்திருக்கிறது. சாலையில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் கிங்பின்தான் காரணம். வீல் பேலன்ஸிங் செய்து செய்து பணத்தைக் கரைப்பவர்கள் நிறைய.

சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மதுரை

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு நியாயமான பயம். தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிகளுக்கும் 2023 டிசம்பர் பொருந்தும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் வண்டல் கறை இருக்கும். கழுவுகிறவர்கள் அதுவரை போவதில்லை. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூச்சு படிந்திருக்கிறதா, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். விரிப்பு மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். கடலோர ஊர் வண்டியானால் அடிச்சட்டமான சேசிஸை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற ஒலி மந்தமாகும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கிறது. அடியில் புதுக் கறுப்பு அண்டர்கோட் பளபளத்தால் அதற்குக் கீழே என்ன என்பதுதான் முக்கியம்.

தில்லிப் பதிவு டீசல் வண்டி இங்கே கிடைப்பதைவிடக் குறைந்த விலைக்குச் சொல்கிறார்கள். ராணுவ ஏல ஜிப்ஸியும் ஒன்று இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

தில்லி வண்டி மலிவாக இருக்கக் காரணம், பத்து வயது தாண்டிய டீசலுக்கு அங்கே விழுந்த கட்டுப்பாடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்டதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, அதாவது 28ஆம் படிவம், கையில் வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். கடன் வண்டி என்றால் 35ஆம் படிவமும் வங்கிக் கடிதமும் வேண்டும். பெயர் மாற்ற 29, 30ஆம் படிவங்கள். தமிழ்நாட்டு ஆயுள்வரியையும் கணக்கில் சேருங்கள். சொந்த வண்டியின் பதிவுக்காலம் 15 ஆண்டு, பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 13 வயது வண்டிக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் எஃப்.சி. செலவு வாசலில் நிற்கும். இதையெல்லாம் கூட்டினால் பல சமயம் ‘லாபம்’ லாரி வாடகைக்கே போய்விடும்.

ராணுவ ஜிப்ஸியில் ஏலம் எடுத்தவர் ஏற்கெனவே ஆர்.டி.ஓ. எண் வாங்கி, ஆர்.சி. தன் பெயரில் வைத்திருந்தால் மட்டும் பேசுங்கள். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ‘பேப்பர் பின்னால் வரும்’ என்றால் நீங்கள் பின்னாலேயே திரும்பிவிடுங்கள்.

வாங்கியாயிற்று. காட்டுக்குப் போகுமுன் என்னென்ன மாற்ற வேண்டும்?
– வாசகர், சேலம்

எண்ணெய்கள் எல்லாவற்றையும். எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு சர்வீஸ் முடிந்தது என்பார்கள். உங்கள் வண்டியில் கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று இன்னும் நாலு கிணறு இருக்கிறது. எதிலும் முதலில் நிரப்பும் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள், அது அசைந்த பிறகுதான் வடிக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால், வடித்தாயிற்று, நிரப்ப வழியில்லை என்று வண்டி மேடையிலேயே படுத்துவிடும்.

வடிந்ததைப் பாருங்கள். காந்தப் போல்ட்டில் சாம்பல் நிறப் பசை சகஜம். நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லு சகஜம் இல்லை. பால் கலந்த காபி நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது சீலையும் உள்ளே காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் பார்க்காமல் புது எண்ணெய் ஊற்றுவது வீண். ஆக்சில்களுக்கு ஜி.எல்.-5 தர கியர் ஆயில். பித்தளை சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) உள்ள கியர்பாக்ஸுக்கு கையேடு ஜி.எல்.-4 என்றால் அதையே ஊற்றுங்கள். சங்கிலி வகை ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பலவற்றுக்கு ஏ.டி.எஃப். என்ற சிவப்பு எண்ணெய்தான். ஒரே டின்னிலிருந்து எல்லாவற்றுக்கும் ஊற்றும் மெக்கானிக்கை மாற்றுங்கள். அளவு, வண்டி சமதளத்தில் நிற்கையில் நிரப்பும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும் வரை.

பிறகு கூலன்ட், பிரேக் ஆயில், ரேடியேட்டர் குழாய்கள், விசிறி பெல்ட், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டயரோடு பிள்ளைகளை மலைக்கு ஏற்றாதீர்கள். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மணலில் எவ்வளவு காற்று இறக்கலாம்?
– வாசகர், ராமநாதபுரம்

சரளைப் பாதைக்கு 24–26 பி.எஸ்.ஐ., பாறையும் சேறும் 18–20, தளர்ந்த மணலுக்கு 15–16. சாதாரண ரிம்மில் 12க்குக் கீழே போகாதீர்கள், திருப்பத்தில் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். காற்று இறக்குவது டயரை அகலமாக்க என்று நினைக்கிறார்கள். அகலத்தைவிட நீளம்தான் கூடுகிறது, தரையைத் தொடும் தடம் நீண்டு, மணலை வெட்டாமல் மேலே மிதக்கிறது. 15இல் ஓட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டருக்குள், சட்டென்ற ஒடிப்பு கூடாது. நிறுத்தும்போது பிரேக் மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் மணல் மேடு குவியும், கிளம்புவதே சிரமம். சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் ஆக்சில் வரை தானே தோண்டிக்கொள்ளும்.

தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப நிரப்பியாக வேண்டும், குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் நேராகக் கவ்வும் கம்ப்ரசர் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் வகை பெரிய டயர் நாலை நிரப்புவதற்குள் ஃபியூஸை எரிக்கும்.

மணல் என்றதும் தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காடு நினைவுக்கு வருவது இயல்பு. குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அனுமதியின்றி வண்டி இறக்குவது குற்றம். ஜனவரி முதல் நம் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம், இரவில் கடலோர மணலிலும் சக்கரம் வேண்டாம். சொந்தப் பட்டா நிலம், அனுமதி கிடைத்த எஸ்டேட், ஊர்ப் பொதுப்பாதை இவை போதும் கற்றுக்கொள்ள.

ஓடை கடக்க எவ்வளவு ஆழம் வரை போகலாம்? 2021 தார் வைத்திருக்கிறேன்.
– வாசகர், தேனி

தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு 650 மில்லிமீட்டர். அது அசையாத தண்ணீருக்கு. ஓடும் தண்ணீரில் ஆழத்தைவிட வேகம்தான் ஆளைக் கொல்லும். 60 சென்டிமீட்டர் வெள்ளம் பெரிய வண்டியையே நகர்த்திவிடும். நடந்து கடக்க முடியாத ஓடையில் வண்டியும் போகாது. கம்பு ஊன்றி நடந்து பார்த்து, குழி எங்கே, பாறை எங்கே, ஏறும் கரை எப்படி என்று பார்த்த பிறகே இறங்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை காட்டாறாக வரும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ கரையேறிவிடுங்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடக்கலாமா என்று தோன்றுகிற ஓடையைக் கடக்கவே வேண்டாம்.

இறங்குமுன் ஐந்து பத்து நிமிஷம் நிறுத்தி ஆக்சிலை ஆறவிடுங்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் குழாயை பானட் உயரத்துக்கு நீட்டிவைப்பது இதற்காகத்தான், செலவும் குறைவு. 4எல், முதல் அல்லது இரண்டாம் கியர், முன்னால் ஒரு சின்ன அலை தள்ளிப்போகும் சீரான வேகம். நடுவில் கிளட்ச்சைத் தொடாதீர்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். மறுநாள் ஆக்சில் எண்ணெயின் நிறம் பாருங்கள்.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். வெளியே இழுத்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோலில் ஸ்பார்க் பிளக், டீசலில் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவி.

சேற்றில் மாட்டினால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கலாமா?
– வாசகர், கூடலூர்

மெதுவாக, தொய்வில்லாமல் இழுத்தால் சரி. வெட்டி இழுக்கக் கூடாது, சங்கிலி நீளாது, அறுந்தால் குண்டு. வெட்டி இழுக்கத்தான் நீளும் கைனடிக் பட்டை இருக்கிறது. வண்டியின் மொத்த எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். தாரோ ஜிம்னியோ, 3.25 அல்லது 4.75 டன் என்று முத்திரை குத்திய ஷாக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு. ஷாக்கிள் பின்னை முழுக்க இறுக்கிக் கால் சுற்று தளர்த்துங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழலாது. டிரெய்லர் கட்டும் உருண்டையில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். அது ஒடிந்து பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆள் இறந்த சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு. பட்டையின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்று போடுங்கள், பிள்ளைகள் பட்டையின் நீளத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்கட்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மண்வெட்டி. நாலு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக வெட்டி, வயிற்றுக்கு அடியில் தட்டிய மண்ணை எடுத்தாலே பாதி வண்டிகள் தானே வந்துவிடும்.

பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், முன்னால் இரும்பு பம்பர் போடலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். இரும்பு பம்பர் காற்றுப்பை திறக்கும் கணக்கைக் கெடுக்கும், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதை அகற்றச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 52ஆம் பிரிவு. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் அதையே. விட்டத்தில் 5 சதவீதம் கூடிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84இல் ஓடும், முதல் கியரின் இழுவையும் அந்த அளவு குறையும். அதே பணத்தில் கம்பெனி அளவிலேயே நல்ல ஏ.டி. (எல்லாத் தரைக்கும் ஏற்ற) டயர் ஐந்து வாங்குங்கள்.

மாமியாருக்கு முதுகுவலி. ஜிப்ஸியில் பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஒன்றைக் கழற்றினால் மென்மையாகும் என்கிறார் மெக்கானிக்.
– வாசகி, ஈரோடு

ஆகும். நாலு பேர் ஏறியதும் வண்டி குந்திவிடும், பட்டை ஒடியும். ஷாக் அப்சார்பர், பட்டையைத் தாங்கும் ஷாக்கிளின் புஷ்களை மாற்றுங்கள், பட்டைகளுக்கு இடையே துருவை நீக்குங்கள். மண்பாதையில் காற்றை 24க்கு இறக்கினாலே வித்தியாசம் தெரியும். அத்தையை முன்சீட்டில் உட்காரவையுங்கள்.

பி.எஸ்.6 டீசல் தார். தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், ஞாயிறு காடு. அடிக்கடி டி.பி.எஃப். விளக்கு எரிகிறது.
– வாசகர், நாமக்கல்

புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். என்ற வடிகட்டி கரியை எரித்துத் தீர்க்க, நீண்ட நேரம் சூடாக ஓட வேண்டும். பள்ளிக்கூட ஓட்டத்திலும் ஊர்ந்து போகும் காட்டிலும் அந்தச் சூடு வராது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் 60–70 வேகத்தில், ஒரு கியர் குறைவாக, 20 நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். விளக்கு எரியும்போது நடுவில் எஞ்சினை அணைக்காதீர்கள். அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கணினி வைத்துத்தான் எரிக்க வேண்டும். வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிடச் சொல்லும் யோசனை வரும், ஒதுக்குங்கள்.

கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவில், மழையில், 4எச் போடலாமா?
– வாசகர், ராசிபுரம்

தாரும் ஜிம்னியும் பார்ட் டைம் வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கர இழுவை போடுவதற்கானவை. தார்ச்சாலையில், மழை பெய்திருந்தாலும், கூர்வளைவில் அது ஆக்சிலை முறுக்கும், வண்டி வளைய மறுத்து நேரே தள்ளும். 2எச்-லேயே இருங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே, இரண்டாவதில், எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். தெரியாமல் 4எச் போட்டு லீவர் திரும்ப வரவில்லை என்றால் அடித்து இழுக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு இளகி லீவர் தானாக வந்துவிடும்.